தரைச்சக்கரம் ஞானபூரணி

குளிர் நாடுகளுக்கு மட்டுமே வாய்த்திருந்த, பனிக்கட்டித் தரையில் சறுக்கிச் சுழலும் கலைச்சறுக்கு என்னும் விளையாட்டை விருதுநகர் மாவட்டத்திலும் வளர்த்தே தீருவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் நமக்குக் கிடையாது. முப்பது வயதைத் தாண்டிய, இதுவரை எதிலும் பதக்கம் வாங்காத பொதுமக்கள் கலந்துகொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. இதற்கென்றே சிவகாசியில் 'வயது வந்தோர் சறுக்கு ஊக்குவிப்பு அலுவலகம்' என்று ஒன்றைத் திறந்து, அதற்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பாலகுரு என்கிற ஓர் அதிகாரி ஆகியவற்றைப் போட்டார்கள்.

முதலில் ஒரு லாரி லோடு மீன் ஐஸை வரவழைத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பரப்பினார்கள். மே மாதம். அதிகாரி பார்வையிட வருவதற்குள் தரை கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது, கொஞ்சம் மீன் வாடை மட்டும் அடித்தது. 'பனித்தளம் நல்ல நிலையில் உள்ளது, தற்சமயம் திரவ வடிவில் உள்ளது' என்று பாலகுரு குறிப்பு எழுதினார். பனிக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த ஷூவில் சறுக்கலாம் என்று மேலிடமும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது.

ஞானபூரணிக்கு நாற்பத்தேழு வயது. தனியார் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். மகள் கல்லூரிக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போன ஸ்கேட்டிங் ஷூவை ஒருநாள் சும்மா மாட்டிப் பார்த்தவருக்கு, அப்புறம் கழற்ற மனம் வரவில்லை. காலண்டர் சீசன் பொங்கலோடு முடிந்துவிடும், பிறகு அச்சகக் குடோன்கள் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும். தெரிந்தவருடைய குடோன் ஒன்றின் வழுவழுத் தரையில், டூட்டி முடிந்து வந்து தினமும் பழகினார். ஒற்றைக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, விழாமல் நிற்க வேண்டும். ஒன்றரைச் சுற்று ஒழுங்காக வந்தது. மீதி அரைக்குள் சுவர் வந்துவிடும். முழங்கால் தோல் உரியும். தானே மருந்து போட்டுக்கொண்டு மறுநாளும் போவார்.

"ஏ பூரணி, இந்த வயசுல இது தேவையா? நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாக?" என்றார் கணவர் பெனிட்டோ. அவருக்குப் பட்டாசு ஏஜென்சி.

"அந்த நாலு பேரு பாக்கணும்னுதாங்க இம்புட்டு அடி வாங்குறேன்."

அதுதான் விஷயம். ஊர்க்காரர்களின் காய்ச்சலையும் கட்டியையும் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவர். ஊர் தன்னை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பதக்கம்கூட இரண்டாம்பட்சம்தான்.

பாலகுரு வெகுகாலம் பட்டாசு ஆலைகளைச் சோதனை போடும் வேலையில் இருந்தவர். அந்த விதிகள் அவருக்குத் தலைகீழாகப் பாடம். வேறு விதிகள் எதுவும் தெரியாது. எனவே போட்டியாளர் நேர்காணல் இவ்வாறு நடைபெற்றது.

"சறுக்கும்போது தரையில உராயுமா சிஸ்டர்?"

"சக்கரம்னா உராயத்தான சார் செய்யும்?"

பாலகுரு நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். "உராஞ்சா தீப்பொறி. சரி, அடுத்து என்ன செய்வீக?"

"சுத்துவேன் சார்."

"தரையிலயா, ஆகாசத்துலயா?"

"தரையிலதான்."

"அப்பத் தரைச்சக்கரம் வகை. சுத்தி முடிச்சதும் வெடிப்பீகளா?"

"நான் எதுக்கு சார் வெடிக்கணும்?"

"இதுவரைக்கும் வெடிக்கலைன்னு வேணா சொல்லுங்க. இனிமே வெடிக்க மாட்டேன்னு யாரு உத்தரவாதம் தர முடியும்?"

ஞானபூரணியால் தர முடியவில்லை. உண்மையில் அந்த நிமிஷத்தில் அவர் வெடிக்கும் நிலையில்தான் இருந்தார்.

விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் கூடாது, ஆகவே மூன்று நடுவர், ஒரு போட்டியாளர், ஊர் மொத்தமும் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே நுழைகிறவர்கள் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டு வர வேண்டும். ஜிகினா வைத்த பளபளா உடுப்பு கூடாது, பருத்தி மட்டுமே. இரும்பு கூடாது. ஷூவில் இரும்பு இருக்கிறது, ஆகவே ஷூவும் கூடாது.

"அப்ப எப்பிடி சார் சறுக்குறது?"

இந்தக் கேள்வியை பாலகுரு எதிர்பார்க்கவில்லை. எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"வாயால சறுக்குங்க. இப்பக் கிளம்புறேன், இப்பச் சுத்துறேன்னு சொல்லுங்க. நாங்க மார்க் போடுறோம். பாதுகாப்புக்குப் பாதுகாப்பும் ஆச்சு, சறுக்குக்குச் சறுக்கும் ஆச்சு."

போட்டி நாள் வந்தது. கல்யாண மண்டபத்தின் ஜன்னல் கம்பிகளில் ஊரே தொங்கியது. முதலில் வந்தவர் அச்சக அதிபர் லட்சுமிகாந்தம். தன் பாத்ரூமைத் தவிர வேறெங்கும் அவர் சறுக்கியதில்லை. தகட்டைத் தொட்டார், வேட்டியைச் சரிசெய்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கிளம்பிட்டேன். வேகம் கூடுது. எம்பிக் குதிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு சுத்து."

"எறங்குனது எந்தக் காலு?" என்று ஒரு நடுவர் கூர்மையாகக் கேட்டார்.

"ரெண்டு... இல்ல, வலது."

தயங்கியதற்காக அரை மார்க் குறைத்தார்கள். நடுவர் குழுவின் கறார்த்தனத்தைப் பார்த்து ஊர் வியந்தது.

அடுத்து ஞானபூரணி. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலை நூற்றிரண்டு என்றே சொல்லிப் பழகிய நாக்கு. அது லேசில் வளையவில்லை.

"கிளம்புறேன். சுத்துறேன். ஒண்ணரைச் சுத்து. கொஞ்சம் தடுமாறிட்டேன்."

"அய்யோ பாவம்," என்றது ஜன்னல்.

அந்த நேரம் பார்த்து, தலைமை விருந்தினரின் கார் வந்து நின்றது. விருந்தினர் வந்தால் சரம் வெடிப்பது ஊர் மரபு, மரபுக்கு எந்த விதியிலும் தடையில்லை. பெனிட்டோவின் ஏஜென்சி நன்கொடையாகத் தந்த பத்தாயிரம் வாலாவை மண்டப வாசலிலேயே கொளுத்தினார்கள். சட்டென்று உள்ளே புகை நிரம்பியது. இரண்டு நடுவர்கள் ஓடினார்கள், ஊர் கலைந்தது, செம்புத் தகடு எங்கேயோ பறந்தது.

ஆளில்லாத கூடத்தை ஞானபூரணி பார்த்தார். தரை நன்றாக இருந்தது. பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த ஷூவை மாட்டினார். வெளியே சரம் படபடக்க, ஒரு சுற்று ஓடி, வேகம் பிடித்து, ஒற்றைக் காலில் சுற்றினார். ஒன்று. ஒன்றரை. சுவர் வரவில்லை. இரண்டு! விழாமல் நின்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷ அழுகைதான்.

மேசைக்கு அடியில் ஒரு தலை தெரிந்தது. மூன்றாவது நடுவர் பாலகுரு.

"சார், பாத்தீகளா?"

"பாத்தேன் சிஸ்டர். புல்லரிச்சுப் போச்சு."

"அப்ப மார்க்கு?"

பாலகுரு உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நீங்க வாயத் தொறக்கலையே."

தங்கப் பதக்கம் லட்சுமிகாந்தத்துக்குப் போயிற்று. அந்தரத்தில் அவர் பறப்பதுபோல் ஊரெங்கும் ஃபிளக்ஸ் வைத்தார்கள். அச்சகம் சொந்த அச்சகம், அதனால் கொஞ்சம் உயரமாகவே பறந்தார்.

மறுவருஷமும் போட்டி நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஞானபூரணி குடோன் பக்கமே போகவில்லை. முழங்கால் காயமெல்லாம் ஆறிவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் நின்று குரலை மட்டும் பழக்கினார்.

பெயரைக் கூப்பிட்டதும் புதிய செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வந்தார். பருத்திச் சேலையின் முந்தானையைச் செருகிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"கிளம்புறேன். ஒத்தக் காலு. மொத்தம் ஏழு சுத்து."

ஜன்னலுக்கு வெளியே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆசைப்பட்டபடியே இப்போது எல்லோரும் அவரை மட்டும்தான் பார்த்தார்கள். "ஒண்ணு, ரெண்டு," என்று நிதானமாக எண்ணிக்கொண்டு அவர் அசையாமல் நின்றார். "அஞ்சு" என்றபோது ஒரு பெண்மணி "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தார். "ஆறு" என்றபோது, எங்கே விழுந்து கிழுந்து வைத்துவிடுவாளோ என்று பயந்து பெனிட்டோ கண்ணை இறுக மூடிக்கொண்டார்.