இளைத்துப்போன பச்சைப் பயறு

ஷென்யாங் நகரில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. மூக்குச் சளிகூட உறைந்துபோகும் குளிர். ஆனாலும் கொதிகலன் ஆலைக் குடியிருப்புச் சந்தையின் ஓரத்தில், மூடிக்கிடந்த பழைய நூடுல்ஸ் கடை முன்னால், காலை ஆறு மணிக்கே வரிசை நின்றது. எதையும் வாங்குவதற்காக அல்ல. தங்கள் கொழுப்பைக் கொடுத்துவிட்டுப் போவதற்காக.

கடை வாசலில் சிவப்புத் துணிப் பதாகை. ‘ஏழு வாசல் அடைப்பு மண்டபம். அரை மணியில் ஒன்றரைக் கிலோ. பட்டினி வேண்டாம், வியர்வை வேண்டாம்.’ இந்தக் கடைசி வரியை எழுதியவன் மனிதர்களை நன்றாகப் படித்தவன். உலகத்தில் உடம்பு இளைக்க விரும்பாதவர்கள் குறைவு. வியர்க்க விரும்புகிறவர்கள் அதைவிடக் குறைவு.

மண்டபத்தின் அதிபதி கோங்சுன் குரு. வெள்ளைப் பட்டுச் சட்டை, கடன் வாங்கியதுபோல் முகத்தோடு ஒட்டாத தாடி, கையில் ஒரு செப்புக் கரண்டி. மனித உடம்பில் கொழுப்பு நுழைய ஏழு வாசல்கள் இருக்கின்றனவாம். அவற்றைக் கரண்டியால் தட்டி அவர் மூடிவிடுவாராம். மூடிய பிறகு எதைத் தின்றாலும் ஒட்டாதாம்.

“கலோரி, கலோரின்னு டாக்டருங்க பயமுறுத்துறாங்க. எந்த வாசல் வழியா அது உள்ள போகுதுன்னு கேளுங்க, முழிப்பாங்க” என்பார் குரு. கூட்டம் கைதட்டும். டாக்டர்கள் உண்மையிலேயே முழித்திருப்பார்கள். கேள்வி அப்படி.

நடைமுறை எளிது. முதலில் தராசில் ஏற வேண்டும். பஞ்சு வைத்த கனத்த கோட்டைக் கழற்றக் கூடாது, வாசல்களுக்குள் குளிர்காற்று புகுந்துவிடும். எண் பெட்டி கூட்டத்தைப் பார்த்து நிற்கும், எல்லாரும் படிக்கலாம். பிறகு திரைக்குப் பின்னால் அரை மணி நேரம் முக்காலியில் உட்கார வேண்டும். குரு வந்து ஏழு இடத்தில் தட்டுவார். வெளியே வந்து மறுபடி தராசு. ஒன்றரைக் கிலோ காணாமல் போயிருக்கும். குருவின் தம்பி மனைவி எண் பெட்டிக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் இஞ்சித் தேநீர் நீட்டுவாள். இன்னொரு கை குளிருக்காகச் சட்டைப் பையில். கட்டணம் எண்பத்தெட்டு யுவான். அதிர்ஷ்ட எண். யாருக்கு அதிர்ஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு விரதம் உண்டு. நாற்பத்தொன்பது நாட்களுக்கு வேறு எந்தத் தராசிலும் ஏறக் கூடாது. ஏறினால் ஏழு வாசலும் படாரென்று திறந்துகொள்ளும்.

இத்தனைக்கும் இது எங்கள் சந்தை. இங்கே நூறு கிராம் பன்றிக்கறி வாங்கினாலும் நேரே வாசலுக்குப் போய், நகராட்சி வைத்திருக்கும் நியாயத் தராசில் இன்னொரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பத்து கிராம் குறைந்தால் கடைக்காரனின் மூன்று தலைமுறையும் சந்தி சிரிக்கும். அதே ஆட்கள்தான் மண்டபத்துக்கும் போனார்கள். கறிக்கு இருந்த மரியாதை அவரவர் உடம்புக்கு இல்லை.

வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி லுவான். ஐம்பத்தெட்டு வயது. சந்தையில் டோஃபு என்கிற சோயாக் கட்டி விற்கிறவள். கணவன் இல்லை. ஒரே மகன் போ, தெற்கே ஷென்ஜென்னில் பொறியாளர். அவள் வீடு லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் ஆறாவது மாடி. முழங்கால்கள் இரண்டும் ஒவ்வொரு படிக்கும் ஒரு புகார் சொல்லின.

மகன் தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டான். “புத்தாண்டு வசந்த விழாவுக்கு வர்றேம்மா. மாடி ஏற முடியலன்னா கடையைக் கைமாத்திவிட்டுட்டு என்கூட வந்துடு. பதினெட்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு.”

“அங்க வந்து யாருக்கு டோஃபு விக்கிறது? லிஃப்டுக்கா?” என்றாள் லுவான்.

ஆனால் உள்ளுக்குள் பயம்தான். குடியிருப்பு மருத்துவமனையில் இருந்த டாக்டர் அம்மா, எடையைக் குறைத்தால் முழங்கால் பிழைக்கும் என்று சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தார். தின்பதையெல்லாம் எழுது. சோறு அரைக் கிண்ணம். பொரித்த மாவுத்துண்டுக்குப் பதில் வேகவைத்த முட்டை. தினமும் அரை மணி நடை, வலித்தால் நிறுத்து, மறுநாள் மறுபடி நட. லுவான் அப்படியே செய்தாள். ஐந்து வாரத்தில் எழுபத்தெட்டு கிலோவிலிருந்து எழுபத்தாறு கிலோ நானூறு கிராமுக்கு இறங்கினாள்.

அந்த நேரத்தில்தான் மண்டபம் திறந்தது. ஐந்து வாரம் பாடுபட்டுக் குறைத்ததை அங்கே அரை மணியில் குறைக்கிறார்களே! லுவான் தாளை மடித்து அலமாரிக்கு அடியில் போட்டாள். நடையை நிறுத்தினாள். வாசல் அடைத்தாகிவிட்டதே என்று பன்றிக்கறி நிரப்பிய கொழுக்கட்டைகளைத் தட்டுத் தட்டாக உள்ளே அனுப்பினாள். பன்னிரண்டு நாள், ஆறு தடவை. குரு கொடுத்த அட்டைப்படி ஒன்பது கிலோ குறைந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் காலை பக்கத்துக் கடை ஃபாங் சியாவிடம் மெதுவாகக் கேட்டாள். சியா முட்டை விற்கிறவள். ஒவ்வொரு முட்டையையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்த பிறகே கூடையில் வைப்பாள். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

“சியா, ஒன்பது கிலோ போயிடுச்சுடி. ஆனா கோட்டுப் பொத்தான் மட்டும் மாட்ட மாட்டேங்குது.”

“பொத்தானுக்குப் படிக்கத் தெரியாது அக்கா. அட்டையை அதுகிட்ட வாசிச்சுக் காட்டு.”

“கிண்டல் பண்ணாத. நேத்து நாலாவது மாடியில உட்கார்ந்துட்டேன். எழுந்திரிக்கவே முடியல.” லுவான் முழங்காலைத் தடவிக்கொண்டாள். “விழாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இல்ல. போ வந்து என்னை அந்த நிலைமையில பார்த்தான்னா முடிஞ்சது கதை.”

சியா கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தாள். “வா, நியாயத் தராசுல ஏறிப் பார்த்துடலாம்.”

“ஐயையோ! வாசல் திறந்துக்கும்.”

“சரி, நீ ஏற வேணாம். அவங்க தராசுலயே ஏறு. ஆனா நான் சொல்றபடி ஏறு.”

திட்டம் சிறியது. மூன்று கிலோ பச்சைப் பயறு, இரண்டு துணிப்பைகளில். சந்தை மேற்பார்வையாளர் முன்னிலையில் நியாயத் தராசில் நிறுத்து எடுத்தார்கள். பயறுக்கு வாசல் கிடையாது என்பதால் அதற்கு விரதமும் இல்லை.

மண்டபத்தில் அன்றும் நல்ல கூட்டம். லுவான் தராசில் ஏறினாள். அறுபத்தொன்பது. “பாருங்க, போன தடவை விட்ட இடத்துலயே நிக்குது!” என்றார் குரு. திரைக்குப் பின்னால் போனாள். தட்டுகள் விழுந்தன. குரு நகர்ந்ததும், பக்கத்து முக்காலியில் புது நோயாளியாக உட்கார்ந்திருந்த சியா, முட்டைக் கூடையின் அடியிலிருந்து பைகளை எடுத்து நீட்டினாள். அவை லுவானின் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டன. வட சீனத்துக் குளிர்காலக் கோட்டுக்குள் ஒரு கன்றுக்குட்டியைக்கூட ஒளிக்கலாம்.

வெளியே வந்து தராசில் ஏறினாள். தேநீர் நீண்டது. எண் மின்னியது. அறுபத்தேழரை.

“ஒன்றரைக் கிலோ!” என்று குரு கை உயர்த்தினார். கூட்டம் தட்டியது.

“குருவே, ஒரு சந்தேகம்” என்றாள் லுவான். கோட்டைத் திறந்து பைகளை எடுத்தாள். “உள்ள போறப்ப இது என்கிட்ட இல்ல. மூணு கிலோ. இதையும் சுமந்துகிட்டு வந்திருக்கேன். எப்படிக் குறைஞ்சேன்?”

தட்டிய கைகள் பாதியில் நின்றன. குரு தாடியைத் தடவினார். அது கொஞ்சம் நகர்ந்தது.

“பச்சைப் பயறு குளிர்ச்சி. அது கொழுப்பை உறிஞ்சும். அதனால உன் எடை இன்னும் குறைஞ்சிருக்கு. இது அபூர்வமான சேர்க்கை!”

நம்பமாட்டீர்கள். வரிசையிலிருந்து ஒரு குரல் உடனே கேட்டது: “பயறு கிலோ என்ன விலைங்க?”

சியாவுக்குப் பொறுக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு பைகளையும் பிடுங்கித் தராசின் மேல் போட்டாள். “அக்காவை விடுங்க. பயறு மட்டும் தனியா எவ்வளவுன்னு பார்ப்போம்.”

எண் பெட்டி மூன்று என்றது. தம்பி மனைவிக்குக் கை பழகிவிட்டது. பழக்கத்தை அவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியுமா? எண் இரண்டரை ஆயிற்று. அவள் பதறினாள். இரண்டு. ஒன்றேகால். கூட்டத்தின் கண்ணெதிரே பயறு இளைத்துக்கொண்டே போனது.

“அட, முக்காலியில உட்காராமலேயே இளைக்குதே!” என்றாள் சியா. “இப்படியே விட்டா சாயங்காலம் வெறும் பைதான் மிஞ்சும்.”

கறிக்கடைப் பெங் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். உருட்டுக் கட்டை போன்ற ஆள். “தங்கச்சி, சட்டைப் பையிலேருந்து கையை எடும்மா” என்றான்.

தம்பி மனைவியின் கை வெளியே வந்தது. அதில் கார் சாவி மாதிரி ஒரு சின்னக் கருவி, இரண்டு பொத்தான்களோடு. சந்தைக்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மீன்காரன் இதே கருவியால் எடையைக் கூட்டிக் காட்டி மாட்டிக்கொண்டான். அவன் ஏற்றினான், இவர் இறக்கினார். அவ்வளவுதான் ஆன்மிகம்.

“உங்க அவநம்பிக்கை தராசையே கெடுத்துடுச்சு!” என்று குரு கத்தினார். யாரும் நின்று கேட்கவில்லை. பயறுப் பைகளைத் தூக்கிக்கொண்டு சியா முன்னால் நடக்க, மொத்தக் கூட்டமும் முப்பது அடி தள்ளியிருந்த நியாயத் தராசுக்குப் போனது. பயறு மூன்று கிலோ. ஒரு கிராம்கூட அது இளைக்கவில்லை. அந்தச் சந்தடியில் குரு பின்கதவு வழியாகப் போய்விட்டார். அவர் விட்டுப் போனவை பதாகை, தேநீர்க் கெட்டில், தராசு. தராசை மட்டும் மேற்பார்வை அலுவலகம் எடுத்துக்கொண்டு போனது.

பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். வெய் என்ற ஓய்வுபெற்ற ஓட்டுநரின் அட்டையில் எண்பத்தொன்று. நியாயத் தராசில் தொண்ணூற்று மூன்று.

“பன்னிரண்டு கிலோ! மண்டபத்துல விட்டது இந்த முப்பது அடிக்குள்ள திரும்பி வந்து ஏறிக்கிச்சா?” என்றார் வெய்.

“எங்க போச்சு அண்ணே, உன்கூடவேதான் இருந்துச்சு. அதுக்கு உன்மேல அவ்வளவு பாசம்” என்றான் பெங்.

லுவான் கடைசியாக வந்தாள். கோட்டைக் கழற்றிச் சியாவிடம் கொடுத்தாள். பதினைந்து டிகிரிக் குளிரில் கம்பளிச் சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள்.

“எழுபத்தேழு இருநூறு” என்று படித்தாள் சியா.

“பன்னிரண்டு நாள்ல எண்ணூறு கிராம் கூடியிருக்கேன்” என்றாள் லுவான். கண் நிறைந்துவிட்டது. “ஐந்து வாரம் நடந்ததுல பாதியைத் தின்னே தீர்த்துட்டேன். எல்லாம் போச்சு.”

“எங்க எல்லாம் போச்சு? மொதல்ல எழுபத்தெட்டு இருந்த. எண்ணூறு கிராம் இன்னும் குறைவாத்தான் இருக்க.”

“எண்ணூறு கிராம் ஒரு கணக்காடி?”

பெங் தன் கடைக்குப் போனான். வெள்ளைக் கொழுப்பு ஒரு பாளம் வெட்டினான். நியாயத் தராசில் வைத்து, ஓரத்தில் கொஞ்சம் செதுக்கி, சரியாக எண்ணூறு கிராம் ஆக்கினான். இரண்டு கையாலும் தூக்கி லுவானின் கையில் வைத்தான்.

“பிடி அக்கா. இவ்வளவையும் நீயே நடந்து கழிச்சிருக்க. கரண்டியும் தட்டல, குருவும் வரல.”

லுவான் பார்த்தாள். பெரிய செங்கல் அளவு. குளிர்ச்சியாக, கனமாக, வழுக்கியது. இதைச் சுமந்துகொண்டா ஆறு மாடி ஏறினோம் என்று நினைத்தவள் சிரித்துவிட்டாள். கூட்டமும் எட்டி எட்டிப் பார்த்தது. அந்தக் காலையில் அங்கே எல்லார் கண்ணுக்கும் உண்மையாகத் தெரிந்த ஒரே கொழுப்பு அதுதான்.

“இதை வச்சு இன்னைக்குக் கொழுக்கட்டை செஞ்சா நல்லாயிருக்கும்” என்றாள்.

“கீழ வை!” என்று சியாவும் பெங்கும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அன்று பிற்பகல், கடை கட்டிய பிறகு, லுவானும் சியாவும் சந்தையைச் சுற்றி நடந்தார்கள். முதல் நாள் இரண்டு சுற்று. மறுநாள் வெய் சேர்ந்துகொண்டார். புகார் சொல்லிக்கொண்டேதான் வருவார், ஆனால் வருவார். அலமாரிக்கு அடியிலிருந்து டாக்டர் அம்மாவின் தாள் வெளியே வந்தது. லுவான் டோஃபு கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து தன் தீனிக் கணக்கையும் எழுதினாள். ஒரு நாள் ‘கொழுக்கட்டை பதினாறு’ என்றுகூட எழுத நேர்ந்தது. கிழித்துப் போடவில்லை. மறுநாள் வழக்கம்போல் நடந்தாள். வாரத்துக்கு ஒரு முறை நியாயத் தராசு. ஒரு வாரம் முந்நூறு கிராம், ஒரு வாரம் ஐந்நூறு, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத வாரத்திலும் உலகம் அழியவில்லை.

வசந்த விழாவுக்கு முந்தைய நாள் போ வந்தான். லுவான் எழுபத்தைந்தில் இருந்தாள். டாக்டர் அம்மா சொன்ன இலக்கு இன்னும் தூரம். முழங்கால்களும் புகாரை முழுதாகத் திரும்பப் பெறவில்லை. ஆனால் குரலைத் தாழ்த்தியிருந்தன. அம்மா முன்னால் ஏற, மகன் பெட்டியோடு பின்னால் வந்தான். நாலாவது மாடியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“அம்மா... ஒரு நிமிஷம் நில்லு. மூச்சு வாங்குது.”

“லிஃப்டுலயே இருந்தா இப்படித்தான். கொண்டா பெட்டியை.”

“வேணாம்மா, வேணாம்.” அவன் இளைப்பாறியபடி அம்மாவை மேலும் கீழும் பார்த்தான். கடையைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. பிறகு ஏதோ நினைவு வந்தவனாகப் பெட்டியைத் திறந்து, தங்க எழுத்துப் போட்ட ஒரு டப்பாவை எடுத்தான். “உனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன். காந்தப் பட்டை. ராத்திரி இடுப்புல கட்டிக்கிட்டுத் தூங்கினா போதும், தானா இளைக்கும். எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாங்கியிருக்காங்க. அறுநூறு யுவான்.”

லுவான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. இதைக் கட்டி இளைச்சவங்களை எந்தத் தராசுல நிறுத்தாங்க?”

போ டப்பாவை வாங்கி, அடியிலிருந்த பொடி எழுத்தில் தேடினான். பொறியியல் படித்தவன். பாலங்களின் எடையைக் கணக்குப் போடுகிறவன். பதில் தெரியாமல் போனது குற்றமில்லை. அறுநூறு யுவான் கொடுக்கும்வரை கேள்வியே தோன்றவில்லை என்பதுதான் விஷயம். உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். போய் எடுத்துப் பாருங்கள்.