விசில் இல்லாமல் வாருங்கள், அத்தை

பெருமதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் மாமாவும் நலம் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். அப்பா நலமாக இருக்க முயன்றுகொண்டிருக்கிறார். தயவுசெய்து இதைச் சத்தமாகப் படிக்காதீர்கள். உங்கள் குரல் இங்கே வரை கேட்கும்.

போன மாதம் ஒரு காலை. அலாரம் அடித்தது, அப்பா எழவில்லை. அம்மா அசைத்ததும் கட்டிலிலிருந்து துணிமூட்டை மாதிரி நழுவினார். "உங்க தங்கச்சி மாதிரி நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் அம்மா. பதில் இல்லை. அப்பா பதில் சொல்லாதது அதுதான் முதல் முறை. பயந்துபோனோம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். டாக்டரம்மா இ.சி.ஜி. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன்னை மறுபடி மின்னேற்றிக்கொள்ள வேண்டுமாம். அப்பாவுக்கு அது கொஞ்சம் சாவகாசமாக நடக்கிறதாம். "இவர் எதைத்தான் சீக்கிரம் செஞ்சிருக்கார்?" என்றாள் அம்மா. பரம்பரைக் கோளாறு, மரபணுவில் ஒரு பிழை. அதில் பல வகை. ஒரு வகைக்கு ஓட்டமும் நீச்சலும் ஆகாது, இன்னொரு வகைக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. எந்த மரபணு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்யலாம். அதற்காக ரத்தம் எடுத்து அனுப்பினார். "அலாரம் அடிச்சப்ப விழுந்ததால, ரிசல்ட் வர்ற வரைக்கும் சத்த வகைன்னே வெச்சுக்குவோம். இன்னொரு வகையும் இருக்கு..." என்று தொடங்கினார். அதற்குள் அம்மா என்னை அலாரத்தை அப்புறப்படுத்த வீட்டுக்கு விரட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் நிசப்தம். அலாரம் பீரோவில் கம்பளிகளுக்கு அடியில். குக்கர் பரண்மேல். கைப்பேசிகள் அதிர்வில், அதிர்ந்து அதிர்ந்து என்னுடையது அலமாரியிலிருந்து தானே குதித்துவிட்டது, அந்தச் சத்தத்துக்கு நான் திட்டு வாங்கினேன், கிசுகிசுப்பாக. அம்மா தும்மல் வந்தால் தலையணையோடு குளியலறைக்கு ஓடுகிறாள். அப்பாவைத் திட்டுவதும் கிசுகிசுப்பாகத்தான். "சத்தமா திட்டினப்ப பாதிதான் காதுல விழுந்தது. இப்ப முழுசா கேக்க வேண்டியிருக்கு" என்று அப்பா புலம்புகிறார். ஆனால் எந்த வேலை சொன்னாலும் நெஞ்சைப் பிடித்து, "சத்தம்... சத்தம்..." என்கிறார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கீழே நம் கடையில் விற்பது அழைப்பு மணி. நேற்று ஒருவர் வந்து, "அடிச்சுக் காட்டுங்க" என்றார். "நம்புங்க, அடிக்கும்" என்றாள் அம்மா. அவர் நம்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் டாக்டரம்மா நம் குடும்பத்தை, பெண்கள் வட்டமும் ஆண்கள் சதுரமுமாக, வரைந்தார். "வேற யாராவது மயங்கி விழுந்திருக்காங்களா?"

"இல்ல" என்றார் அப்பா.

"உங்க தங்கச்சி" என்றாள் அம்மா.

"அது நடிப்பு."

உங்கள் வட்டத்துக்குள் டாக்டரம்மா ஒரு கேள்விக்குறி போட்டார். எப்போதெல்லாம் விழுவீர்கள் என்று கேட்டார். எங்கள் சோபாவில், அப்பா புத்தி சொல்லும்போது என்றேன். பள்ளியில் விளையாட்டு டீச்சராக நீங்கள் நாள் முழுக்க ஓடி, விசில் ஊதிப் பிள்ளைகளை விரட்டும் மைதானத்தில்? அங்கே ஒரு முறைகூட இல்லை. "பாத்தீங்களா, வேணும்னே பண்றா" என்றார் அப்பா. டாக்டரம்மா பேனா மூடியைக் கடித்தபடி வெகுநேரம் அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை, "அண்ணன் வாயால நடிப்பில்லைன்னு சொல்ற வரைக்கும் இந்தப் படி ஏறமாட்டேன்" என்று நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அதைப் பேச இந்தக் கடிதம் இல்லை. அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம், மயங்கி விழுபவருக்கு இன்னும் அதிகமாம். என்னையும் பரிசோதிப்பார்கள். இருப்பது தெரிந்தால் மருந்து உண்டு. தெரியாமலே இருப்பதற்குத்தான் மருந்து இல்லை. வந்து கொஞ்சம் ரத்தம் கொடுங்கள். கோபத்தோடே வாருங்கள், பாதகமில்லை. ஆனால் மெதுவாக. கழுத்தில் தொங்கும் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு. கதவைத் தட்டாமல். வந்துவிட்டேன் என்று தெருமுனையிலிருந்தே அறிவிக்காமல்.

மாமாவுக்கு என் வணக்கத்தை ஓசையில்லாமல் சொல்லவும்.

என்றும் தங்கள் அன்பு மறக்காத,
அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டாக்டரம்மா அழைத்தார். முடிவு வந்துவிட்டது. சத்தத்தைப் பற்றி மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இது சத்த வகை இல்லை. அன்று அவர் சொல்ல வந்த அந்த "இன்னொரு வகை". அதில் ஆபத்து ஓய்விலும் உறக்கத்திலும்தானாம். அலாரம் பாவம், தப்பான நேரத்தில் அடித்திருக்கிறது. மருந்தையும் முடிவு செய்துவிட்டார். "அப்ப என் தங்கச்சி?" என்று அப்பா கேட்டார். "அவங்க ஓடியாடும்போது விழல. சும்மா உக்காந்து கண் அசரும்போதுதான் விழுந்திருக்காங்க. நடிப்பா இருக்காது. உடனே வரச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. அப்பா அந்தச் சோபாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப என் பேச்சு அவளுக்குத் தூக்கம் வரவெச்சிருக்கு" என்றார். ஒரு மாதப் பாக்கியைச் சேர்த்து, முழுக் குரலில், "எங்களுக்குந்தான்!" என்றாள் அம்மா. தெருவே திரும்பிப் பார்த்தது. இதற்குக் கீழே உள்ளது அப்பாவின் கையெழுத்து.

நீ நடிக்கல. நாளைக்கே கிளம்பி வா. விசிலை மறந்துடாத.