வெற்றிலை போடாத வாய்

மேட்டூரில் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் நாச்சிமுத்து அவர்களுக்கு, வெண்ணந்தூர் சென்னியப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் என் வாய் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உங்கள் பற்கள் அத்தனையும் சுகம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அடுத்தவன் பல்லுக்கு அவ்வளவு தைரியமாக யோசனை சொல்கிறீர்கள்.

நீங்கள் சொன்னபடியே வெள்ளிக்கிழமை சேலம் போய், நீங்கள் சொன்ன டாக்டரிடமே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கினது ஒரு நிமிஷம், அதற்கப்புறம் டாக்டர் சொன்ன சட்டதிட்டம் அரை மணி. பஞ்சை அழுத்திக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டுமாம். இன்று முழுக்கக் கொப்பளிக்கவோ துப்பவோ கூடாதாம், துப்பினால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து வலி பத்து மடங்காகுமாம். ஆறின கஞ்சிதானாம், நாளை முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீராம், வெற்றிலை புகையிலை மூன்று நாளைக்கு ஆகாதாம். பஸ்ஸில் பக்கத்து ஆள் கிராம்பு வைக்கச் சொன்னார், பின்னால் இருந்தவர் சாராயத்தில் கொப்பளிக்கச் சொன்னார். பேச முடியாததால் எல்லாருக்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஜலகண்டாபுரம் கந்தவேல் உட்கார்ந்திருக்கிறார். நம் பெண் தெய்வநாயகியைத் தன் மகனுக்குக் கேட்டுவிட்டு மூன்று மாசமாக இழுத்தடித்த மனுஷன், நாள் நன்றாக இருக்கிறதென்று அன்றைக்குத்தானா வரவேண்டும்? உங்கள் அக்காள் அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். கந்தவேல் தாம்பாளத்தை என் முன்னால் தள்ளி, நாம ரெண்டு பேரும் வெற்றிலை போட்டுப் பேச்சை முடிச்சுக்கலாம் என்கிறார். நான் என்ன பண்ணட்டும்? வேண்டாமென்று தலையை ஆட்டினேன். மனுஷன் விருட்டென்று எழுந்துவிட்டார். அவரை நிறுத்தலாமென்று வாயைத் திறந்தேனோ இல்லையோ, துப்பாமல் விழுங்காமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிவப்பாக வழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"வாய் செவக்கச் செவக்க வேற எடத்துல வெத்தலை மாத்திப்போட்டு, இங்க வந்து மண்டைய ஆட்டறீங்களா? நல்லா இருங்க சாமி."

அப்படியே போய்விட்டார். நாயகி மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சியை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். பல் குழியை விட அதுதான் மைத்துனரே எனக்கு வலிக்கிறது. பிடுங்கச் சொன்னது நீங்கள், ஆகையால் நீங்களே ஜலகண்டாபுரம் போய் அது வெற்றிலை இல்லை, ரத்தம் என்று சொல்லியாக வேண்டும். நம்பமாட்டார். அதற்காக என் பல்லைப் பொட்டலம் கட்டி இத்துடன் வைத்திருக்கிறேன், காட்டவும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்களுக்கு ஆசீர்வாதம் பல் குழி ஆறின பிறகு.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பி.கு.: பொட்டலம் கட்டப் போனால் பல்லைக் காணோம். நாயகி முந்தாநாளே அதை எடுத்து, தறிக்குப் பாவு நூல் வாங்கப் போன பக்கத்து வீட்டு மாரக்காளிடம் கொடுத்து ஜலகண்டாபுரத்துக்கு அனுப்பிவிட்டாளாம். கந்தவேல் இப்போதுதான் வந்தார். வெற்றிலையை நல்ல பக்கமாக மென்று பேச்சை முடித்துவிட்டோம், நீங்கள் போக வேண்டாம். அவருக்கும் ஒரு பல் ஆடுகிறதாம், உங்கள் டாக்டர் விலாசம் கேட்கிறார். நான் கொடுக்கவில்லை, தாலி ஏறும் வரைக்கும் தயவுசெய்து நீங்களும் கொடுத்துவிடாதீர்கள்.