காந்தம் சாரும் கறுப்புக் கண்ணாடியும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அத்தனை இரும்பையும் பகைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் காந்தம் சார்தான். நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

எடை மெஷினில் எண் காட்டும் கண்ணாடி செய்கிற சின்னக் கம்பெனி அது. நான் அங்கே தரம் பார்ப்பவன். கண்ணாடிக்குள் இருப்பது திரவப்படிகம். தண்ணீராக ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். மின்சாரம் கொடுத்தால் திரும்பும். பேட்டரியே இல்லாமல் சின்னக் காந்தம் ஒன்றைக் காட்டித் திருப்புகிறேன் என்று கிளம்பியவர் இவர்.

"அது எப்படி சார்?" என்றேன்.

"ஆடி மாசம் பெரியபாளையத்துல கூட்டம் பாத்துக்கிறியா? அத்த ஒரு பக்கமா திருப்ப நூறு போலீசு வேணும். அதுவே கூட்டத்துக்குள்ள அங்கங்க நாலு வாலண்டியர நிறுத்திக்கினா? ஒரு விசிலு போதும்பா! அந்த வாலண்டியருதான் என் இரும்புத் துகளு."

கண்ணுக்கே தெரியாத நானோ துகள். கஷ்டம் என்னவென்றால், வாலண்டியர்கள் டீக்கடையில் ஒன்றுகூடிவிடுவார்கள். துகள்கள் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகிவிடும். சார் அவற்றுக்கு எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, அளவைக் குறைத்து, மறுபடி கலக்குவார். நாஷ்டா முடித்து வந்து பார்த்தால் திட்டு. "மாநாடு போட்டுட்டானுங்கப்பா!" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

பழி எங்கள் மேல்தான்; நாங்கள் உள்ளே கொண்டுவரும் இரும்புதான் துகள்களைக் கெடுக்கிறதாம். சாவி, செல்போன், பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் எச்சரிக்கைப் பலகைக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். மேனேஜர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடியே வருவார். நான் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த காலத்தில், "வாய மூடிக்கினு வா, இல்லாட்டி வெளியவே நில்லு" என்றுவிட்டார் சார்.

ஒரு வருஷம் ஓடியது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"வெள்ளிக்கெழம காட்டு நைனா. இல்லாட்டி இந்த ரூம்ல அட்டப்பெட்டி அடுக்கிடுவேன். நீ பேக்கிங்குக்குப் போயிடு."

அந்த வாரம் சார் சிரிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை முதலாளியும் பெல்ட்டையும் போனையும் கூடையில் போட்டுவிட்டு வந்தார். மேசைமேல் கண்ணாடி கன்னங்கறுப்பாக இருந்தது. உள்ளே திரவம் திரும்பினால் வெளிச்சம் விடும். சார் இன்னும் காந்தத்தை டப்பாவிலிருந்து எடுக்கவே இல்லை. முதலாளி குனிந்து கையை நீட்டி, "இதுவா?" என்றார்.

கண்ணாடி பளிச்சென்று வெளுத்தது.

"போச்சு! தானா தொறந்துக்கிச்சு சார். கெட்டுப்போச்சு." சாரின் குரல் உடைந்துவிட்டது.

முதலாளி சங்கடத்தோடு நிமிர்ந்தார். கண்ணாடி கறுத்தது. சந்தேகத்தோடு மறுபடி குனிந்தார். வெளுத்தது.

சாரின் மூக்கு விடைத்தது. "சட்டக் கைய மடிங்க சார்."

"எதுக்குப்பா?"

"மடிங்க சார்!"

முழுக்கைச் சட்டைக்குள் ஒரு காந்த வளையல். பி.பி.க்கு நல்லதென்று முதலாளியம்மா மாட்டிவிட்டதாம். நாங்கள் பார்த்தால் மானம் போகும் என்று ஒளித்து வைத்திருக்கிறார்.

"வாசல்ல இன்னா எழுதி வச்சிக்கிறேன்? பேஜாரு பண்றீங்களே சார்!" என்று சம்பளம் கொடுக்கிற முதலாளியையே பார்த்துக் கத்தினார். பாதியில்தான் அவருக்கு உறைத்தது, ஜெயித்துவிட்டோம் என்று. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி வளையல் கையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிச் சிறுபிள்ளையாகச் சிரித்தார். மேனேஜர் இரண்டு கையாலும் தட்டினார். பேண்ட் விஷயம் அப்போது அவர் ஞாபகத்தில் இல்லை.

அறை பிழைத்தது. அட்டைப்பெட்டிகள் வராந்தாவிலேயே கிடந்தன.

இப்போது நான் வேறு கம்பெனி. வீடு மணவாள நகரில். பழைய வேலையை விட்டுக் கிளம்பிய நாளில் சார் கொடுத்த கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று என் மேசை டிராயரில் இருக்கிறது. அதை எடுக்கும்முன் சாவிக்கொத்தைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வருகிறேன். வீட்டில் திட்டுவதற்கு யாருமில்லை. இருந்தாலும் வைக்கிறேன், அந்த மனுஷர் திட்டினால் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.