ஆண்டவருக்கு வழி சொன்ன கேன் பாஸ்டர்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் கடவுள் எப்போதாவது வழி தவறியிருந்தால் அதற்குக் கேன் பாஸ்டரைக் குறை கூற முடியாது. தம்மால் இயன்ற மட்டும் அவர் வழி சொல்லிவிட்டார். வேகத்தடை எங்கே, குப்பைத்தொட்டி எங்கே, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை, கண்களை மூடிக்கொண்டு, உரத்த குரலில் சொல்லிவிட்டார்.

அவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டு. சபையின் பெயர்ப்பலகையில் அதை எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் தொங்கவிட்ட டயர்கள் அதை மறைத்துவிட்டன. வார நாட்களில் குட்டி யானை வண்டியில் வீடு வீடாகக் குடிதண்ணீர் கேன் போடுவார். ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரையின் கீழ் பிரசங்கிப்பார். ஆகவே கேன் பாஸ்டர். பக்கத்திலுள்ள மண்ணூரில் பிறந்தவர். அவருடைய சபையில் பெரும்பாலோர் தெற்கத்தி இளைஞர்கள். தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், விடுதி அறைகளில் கட்டிலைப் பங்கிட்டுக்கொள்பவர்கள்.

நான் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். படப்பையில் ஒரு மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தபின், நகரத்தில் இருந்த எங்கள் பழைய ஆலயத்துக்குப் போய்வர என் மனைவியின் முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. அவள் இந்தத் தகரக் கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். நான் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் பஞ்சர் கடை பெஞ்சில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பேன். அங்கிருந்தபடி, சுவருக்கு அப்பால் நான் கேட்ட முதல் ஜெபம் இது:

"ஆண்டவரே, ஒரகடம் கூட்ரோட்ல எறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பாதேயும், நேரா வாரும். ரெண்டாவது டீக்கடய ஒட்டி ஒரு சந்து போவும். உள்ள ஒரு ஆஸ்டல். லிப்ட்டு வேல செய்யாது, படியில ஏறி வாரும். மொட்டமாடி ரூம்ல சுதாகர்னு ஒரு தம்பி காய்ச்சல்ல படுத்துகினு கீறான். பக்கத்து கட்டில்ல ஒருத்தன் நைட் ஷிப்ட் முடிச்சி தூங்கறான், அவன எழுப்பிடாதேயும்."

நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

எல்லாம் அறிந்தவர் ஒருவர் இருந்தால் அவருக்கு வழி சொல்வது வீண்; வழி சொல்ல வேண்டியிருந்தால் அவர் எல்லாம் அறிந்தவர் அல்லர். முதலாண்டு மாணவன்கூட எழுப்பக்கூடிய இந்தக் கேள்வியை மறுவாரமே அவரிடம் எழுப்பினேன். தோளில் கேனுடன் எங்கள் வாசற்படியில் நின்றிருந்தார்.

"அவருக்குத் தெரியாமயா சார்?" என்றார்.

"பின் எதற்குச் சொல்கிறீர்கள்?"

"நான் போனனா இல்லியான்னு அவுரு கேப்பாரு இல்ல?"

இப்படித்தான் அவருடைய சட்டம் எனக்குத் தெரியவந்தது. நேரில் போய்ப் பாராத ஆளுக்காக அவர் ஜெபிக்க மாட்டார். ஆளிருக்கும் இடம் வரை போக வேண்டும். படுத்திருப்பவரென்றால் கட்டில் வரை. இந்தச் சட்டம் எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "இது கேன் போடறதுல இருந்து வந்தது சார். அட்ரஸ் தெரியாம வண்டி எடுத்தா டீசலுக்குத்தான் கேடு" என்றார்.

சபையார் இதற்காகப் பட்ட பாட்டை எழுதினால் இந்த வார இதழின் பக்கங்கள் அத்தனையும் போதா. திசையன்விளைப் பையன் ஒருவன், ஜெபராஜ் என்று பெயர், தன் தாயின் கண் அறுவை சிகிச்சைக்காக ஜெபிக்கச் சொன்னான்.

"ஊருக்கு எப்டி போவணும்?" என்றார் பாஸ்டர்.

"நீங்க எதுக்குய்யா அம்புட்டு தூரம் போணும்? இங்கன இருந்து ஜெபிச்சா அவருக்குக் கேக்காதா?"

"கேக்கும். யாருக்குன்னு அவுரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிப் போய், அந்த அம்மாளைப் பார்த்து, ஒரு பை நிறையக் கருப்பட்டியுடன் திரும்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபம் கிளாம்பாக்கத்திலிருந்து புறப்பட்டது. விழுப்புரத்தைக் கடந்தது. வழியில் பேருந்து நிறுத்தும் ஓட்டலில் நின்றது. "அங்க சாம்பார் வாணாம் ஆண்டவரே" என்று எச்சரிக்கையும் செய்தது. அது வள்ளியூரை நெருங்குவதற்குள் மதிய ஷிப்டுக்கான கம்பெனி பஸ் போய்விட்டது. பின்வரிசையில் இருந்த ஒருவன், "ஏல ஜெபராசு, ஒங்க அம்மைய தாம்பரத்துல குடிவச்சிருக்கப்படாதா?" என்று கேட்டது பஞ்சர் கடை வரை தெளிவாகக் கேட்டது.

குவைத்தில் இருக்கும் அண்ணனுக்காக ஒருவன் வேண்டிக்கொண்டபோது பாஸ்டர் சற்றுத் தடுமாறினார். கடவுச்சீட்டு இல்லை. வீடியோ அழைப்புக்கு இறங்கி வந்தார். அந்த அண்ணனை அறையை விட்டு வெளியே போகச் சொல்லி, தெருமுனையிலிருந்து போனைப் பிடித்தபடி நடந்து வரச் செய்தார். "இன்னா கதவு அது? கலர் இன்னா? மெதுவா திருப்புப்பா, தல சுத்துது." சுட்டெரிக்கும் வெயிலில் அந்த மனிதர் தம் வீட்டுக்கே வழி காட்டிக்கொண்டு நடந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ரோபோ. ஜெபராஜ் வேலை பார்த்த லைனில் ஓர் இயந்திரக் கை அடிக்கடி நின்றுவிடும்; சூப்பர்வைசர் அவனைத் திட்டுவார். பாஸ்டர் தொழிற்சாலை வாயிலுக்குப் போனார்.

"யாரப் பாக்கணும்?" என்றார் காவலாளி.

"ரோபோவ."

"இன்னா விஷயமா?"

"ஒடம்பு சரியில்லன்னாங்க."

உள்ளே விடவில்லை. வாயிலிலேயே நின்று ஜெபித்துவிட்டு வந்தார். "கேட்டு வரைக்கும்தான் எனுக்குத் தெரியும் ஆண்டவரே. அதுக்கப்புறம் நீர் உள்ள யாரையாவது விசாரிச்சுக்கும்."

இதை என் மனைவி வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. சிரிப்பினால் என்று நினைத்தோம்.

பிறகு தாம்பரம் பக்கத்தில் ஒரு மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவு. மாலையில் மட்டும், ஒருவர் மட்டும், சில நிமிடங்கள் உள்ளே போகலாம். தினமும் நான் போனேன். ஒரு மாலை அவள் தன் முகத்தில் இருந்த பிராணவாயுக் கவசத்தைச் சற்றே விலக்கி, "நாளைக்குப் பாஸ்டர வரச் சொல்லுங்க" என்றாள்.

"ஒருவருக்குத்தான் அனுமதி" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

மருத்துவர் அன்று காலையில் என்னிடம் பேசியிருந்தார். அவர் கூறியதிலிருந்து, இனி எத்தனை மாலைகள் கிடைக்கும் என்பது உறுதியில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அப்படியிருந்தும் அந்தச் சில நிமிடங்களை அவள் ஏன் அவருக்குக் கொடுக்க விரும்பினாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

பாஸ்டரிடம் சொன்னேன். ஒரு மாற்றுவழியும் முன்வைத்தேன். "ரோபோவுக்கு வாயிலில் நின்றுதானே ஜெபித்தீர்கள்? இங்கேயும் கதவருகே நின்று ஜெபிக்கலாமே."

"அது மிஷினு சார்" என்றார் அவர். "இவுங்க நம்ம அம்மா."

மறுநாள் மாலை இருவரும் போனோம். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்; கேன் சுமக்கும் தோளில் மட்டும் துணி நைந்திருந்தது. கதவருகே இருந்த காவலாளி அனுமதிச் சீட்டையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ஹஸ்பெண்ட்னு போட்டுக்கீது. இவுரு யாரு?"

"என் முறையை இவருக்குக் கொடுக்கிறேன்" என்றேன்.

"கொடுக்கறதுக்கு இது இன்னா சார், சினிமா டிக்கெட்டா?" என்றவர், பாஸ்டரை உற்றுப் பார்த்தார். "யோவ், நீ கேன் பாஸ்டர் இல்ல? எங்க அத்த வூட்டுக்கு வருவியே?"

"எந்த அத்த?"

"ஆதனூர்ல, ராணியத்த."

பாஸ்டர் பழக்கதோஷத்தால் கண்களை மூடிக்கொண்டார். "ஆதனூர் ரோட்ல தண்ணி டாங்க்குக்கு எதிர்சந்து. பச்ச கேட்டு. நாய் கீது, குலைக்கும், கடிக்காது. அத்தைக்கு சக்கர. மாடியில ஏற மாட்டாங்க."

"நாய் செத்துப்போச்சு" என்றார் காவலாளி. பிறகு கதவைத் திறந்துவிட்டார். "சீக்கிரம் வந்துரு."

நான் வெளியே அமர்ந்தேன். கையில் செய்தித்தாள் இருந்தது. அன்றைய செய்திகள் எவையும் நினைவில் இல்லை.

நேரம் முடிந்து, செவிலி வந்து அழைத்தபின் அவர் வெளியே வந்தார்.

"ஜெபித்தீர்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். டைம் பத்தல."

"இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?"

"அம்மா வழி சொல்லிகினு இருந்தாங்க."

"எதற்கு வழி?"

"உங்க வூட்டுக்கு."

எங்கள் வீட்டுக்கு வழி தெரியாதா என்று கேட்டேன். இத்தனை காலம் தண்ணீர் போட்டவர் அவர்தானே.

"வாசப்படி வரைக்கும்தான் சார் தெரியும். அம்மா உள்ள கூப்புடுவாங்க. சார் படிச்சிகினு இருப்பாரேன்னு நான் வரமாட்டேன். அதான், இன்னிக்கு உள்ள எப்டி போவணும்னு சொல்லிக்குடுத்தாங்க. நடுவுல மூச்சு வாங்குது, நர்சம்மா திட்டுது, வுடாம சொல்றாங்க." அவர் தோளைத் தடவிக்கொண்டார். "சாருக்காக நீங்க ஜெபம் பண்ணணும், வழி தெரியாம பண்ண மாட்டீங்களேன்னாங்க."

நான் அவருக்கு நன்றி கூறினேன். வேறெதுவும் கூறியதாக நினைவில்லை. மறுநாள் பார்வை நேரம் வந்தபோது அவள் இல்லை.

அடக்கம் முடிந்தது. வந்திருந்த உறவினர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போனார்கள். மகளும் விமானம் ஏறினாள். வீட்டில் தண்ணீர் தீர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு காலையில் குட்டி யானை வந்து நிற்கும் ஓசை கேட்டது. கேனை வாசற்படியில் வைக்கும் ஓசைக்காகக் காத்திருந்தேன். அது கேட்கவில்லை. செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. கூடத்தைக் கடந்தார், சமையலறையில் கேனை இறக்கினார், திரும்பிவந்து, ஒருமுறைகூடத் தயங்காமல், பாதி சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு என் படிப்பறைக்குள் நுழைந்தார்.

"சார்" என்றார்.

நான் பதில் கூறவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல், புத்தகக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு என் அருகே தரையில் அமர்ந்து கண்களை மூடினார்.

"ஆண்டவரே, படப்பை பஸ் ஸ்டாப் தாண்டி வாரும். புது பிளாட்டுங்க பக்கம் திரும்பும். ரோடு போடல, பாத்து வாரும். மூல வூடு. கேட்டு கொக்கிய தூக்கித்தான் தொறக்கணும். பெல் அடிக்காதேயும், சாருக்குப் பிடிக்காது. ஹால்ல போயி எடது கைப் பக்கம். கதவு சாத்தியிருக்கும், தாப்பா இருக்காது, தள்ளும். ஜன்னலாண்ட சேர்ல உக்காந்துகினு இருப்பாரு. கூப்ட்டா பேசமாட்டாரு. கோவம்னு நெனச்சிக்காதேயும். அவருக்கு வராது, அவ்ளோதான். பேசலன்னு திரும்பிப் போயிடாதேயும், பக்கத்துல போயி உக்காரும்..."

அந்தச் சொற்கள் யாருடையவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

"பேசுவேன்" என்றேன்.

பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"மன்னிக்கணும் ஆண்டவரே, பேசுவாராம்" என்றார். பிறகு, திருத்தம் இருந்தால் முழுவதையும் சரியாகச் சொல்லிவிடுவதே முறை என்று கருதினாரோ என்னவோ, படப்பை பஸ் ஸ்டாப்பிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார். நான் அவரைத் தடுக்கவில்லை.