புலி நக்கிய கை

ஈஜோக் திடலுக்கு அன்று பந்து பார்க்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் புலி பார்க்க வந்தவர்கள்.

வெள்ளைக்கார ஆட்சி போட்ட அவசரகாலம். ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி. அந்த ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத்தான் ஆளை வெளியே விடுவார்கள். ஆனால் தோட்டங்களுக்கிடையே பந்துப் போட்டி என்றால் மட்டும் துரை லோரி கொடுத்தார். லோரி நிறைய சனம், தேங்காய், கற்பூரம், மாலை. மாலை ஆட்டக்காரர்களுக்கு இல்லை. புலிக்கு.

புலி என்றதும் பயந்துவிடாதீர்கள். அது ஒரு வெள்ளைக் கிடா.

ஒவ்வொரு தோட்டமும் ஒரு விலங்கைச் சின்னமாகக் கொண்டுவர வேண்டும் என்று துரைமார்கள் கூடி முடிவு செய்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டம் மூங்கிலில் யானை கட்டியது. நம்மவர்களோ புலிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை லில்லியன்தான் வழி சொன்னாள். ஒரு கிடாவைப் பிடித்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, லயத்துக் கதவுகளில் நம்பர் எழுதும் கறுப்புச் சாயத்தால் கோடு இழுத்தாள். வாலில் துணி சுற்றி நீட்டிவிட்டாள். மஞ்சள் பட்டதும் தன் கதை முடிந்தது என்று கிடா அலறியது. தோட்டமே கூடி நின்று சிரித்தது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். தோட்டமே பார்த்தது.

முதல் ஆட்டத்தில் புலி "மே" என்று கத்திக்கொண்டு திடலுக்குள் ஓடியது. எதிரணியின் கோல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நேரத்தில் பந்து உள்ளே போய்விட்டது. ஜெயிக்க வைத்தது யார்? புலி!

அப்போதுதான் உடையப்பன் வந்து சேர்ந்தான். லயங்களில் பேய் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஊரடங்கு வந்த பிறகு பேய்களும் வெளியே வருவதில்லை போலிருக்கிறது, தொழில் படுத்துவிட்டது.

"ஆட்டுக்குள்ள புலி எறங்கிருச்சு. காட்டுக்காரனுக்குச் சோறு குடுக்குற கை எதுன்னு அதுக்குத் தெரியும். அந்தக் கைய நக்கிக் காட்டிரும்" என்றான்.

"எறங்குச்சா? அதுக்குக் கோடு போட்டதே நான்தானே?" என்று லில்லியன் கேட்டாள்.

"கோடு போட்டது நீங்கதான் டீச்சர். எறங்குனது அதுவா எறங்குச்சு" என்றார் மண்டோர் அர்ஜுனன். அவர் வேலை வாங்கும் ஆட்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

பயம் வந்துவிட்டால் கோழி தானாக நடந்து போகும். வேட்டி போயிற்று, சேலை போயிற்று, உடையப்பன் வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரமும் போயிற்று. செல்லையா மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. கிடா அவன் கையை நக்கியது. மண்டோர் ஓடிப்போய்க் கேட்டில் சொன்னார். போலீஸ் மாத்தாக்கள் துப்பாக்கியோடு வந்து செல்லையாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் மனைவி நல்லம்மாள் ரப்பர் பால் ஊற்றிவிட்டு வந்ததும், காலி வாளியோடு தினமும் கேட்டருகே நின்றாள். அவளோடு பேசவும் ஆளில்லை.

ஈஜோக்கில் நடந்தது கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு முன் உடையப்பன் எல்லார் கையிலும் தீர்த்தம் தெளித்தான். அவனிடம் இரண்டு செம்பு இருந்தன. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல். கோல்காரன் கைக்கு மட்டும் அதிலிருந்து தெளித்தான்.

கோல்காரன் எர்னஸ்ட், லில்லியனின் தம்பி. அவனுடைய சண்டைச் சேவலை உடையப்பன் கேட்டிருந்தான். "புலிக்குச் சேவல் வேணும்னா புலியே வந்து கேக்கட்டும்லா" என்று எர்னஸ்ட் சிரித்திருந்தான்.

கிடா ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக முகர்ந்து தாண்டி வந்தது. எர்னஸ்ட் கையை நக்கியது. நக்கியது நக்கியபடியே நின்றது.

"பாத்தீங்களா!" என்று கத்தினான் உடையப்பன். லோரி அருகே நின்ற மாத்தாக்களைப் பார்த்து மண்டோர் கையை உயர்த்தினார்.

லில்லியன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தம்பியின் கையைப் பிடித்தாள். எல்லாரும் பார்க்க, தானும் நக்கினாள்.

"உப்பு!" என்றாள்.

"துரோகி கை வேர்வை உப்பாத்தான் இருக்கும்" என்றான் உடையப்பன். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"சரி, ஒன் கை வேர்வையப் பாப்போம்."

அவன் சுதாரிப்பதற்குள் சிவப்பு நூல் செம்பைப் பறித்து அவன் தலையோடு கவிழ்த்தாள். மற்றச் செம்புத் தண்ணீரை ஊற்றி எர்னஸ்ட் கையைக் கழுவினாள். காலையிலிருந்து உப்பு காணாமல் கட்டிக்கிடந்த கிடா எர்னஸ்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடையப்பன் மேல் முன்காலைத் தூக்கிப்போட்டு முகம், கழுத்து, காது என்று நக்கித் தள்ளியது. அவன் ஓடினான். புலி துரத்தியது.

இனிமேலாவது கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள்.

"உடையப்பன்தான்டா துரோகி! புலி காட்டிருச்சு! புடிச்சு லோரியில ஏத்து!"

"டேய், நிறுத்துங்கடா!" லில்லியனுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. "அவன் திருடன். துரோகின்னு யாரு சொன்னது? ஆடுன்னா உப்பத் திங்கும். அவ்வளவுதான் விசயம்!"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து நல்லம்மாள் வந்தாள். "அப்போ எங்க வீட்டு ஆளு கையிலயும் இதே உப்புத்தானா, டீச்சர்?"

நல்லம்மாள் கீழே கிடந்த செம்பை எடுத்து மண்டோர் கையில் திணித்தாள்.

"வாங்க. அன்னைக்கு அவரப் பத்திக் கேட்டுல சொன்னீங்கல்ல? அதே வாயால இதயும் வந்து சொல்லுங்க."

மண்டோர் தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னால் மாத்தாக்களிடம் நடந்தார். செல்லையா பல வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தான், பாதி உடம்பாக. ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கோப்பையை யார் வாங்கினார்கள் என்று இன்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இல்லை. கிடாவை மட்டும் மறக்கவில்லை. அது கிழமாகிச் செத்ததும் தோட்டத்து எல்லையில் புதைத்துக் கல் நட்டார்கள். கல்லுக்கு மஞ்சள் பூசிக் கறுப்புக் கோடும் போட்டார்கள். வேண்டுதல் என்றால் அங்கே உப்புப் பொட்டலம் வைக்கிறார்கள். வைக்கட்டும். போகும்போது அதில் ஒரு சிட்டிகை எடுத்துப்போய்த் தங்கள் சோற்றில் போட்டுத் தின்றால் இன்னும் நல்லது. செல்லையாவை லோரியில் ஏற்றிய அன்று நம்மில் ஒருவர் சோற்றிலாவது உப்பு இருந்திருந்தால், ஓர் ஆட்டின் நாக்கை நம்பி நின்றிருக்க மாட்டோம்.