ஒன்று புள்ளி இரண்டில் காணாமல் போன பிரிட்ஜ்

கும்மிடிப்பூண்டி,
21-2-2008

அன்புள்ள மைத்துனன் பீட்டருக்கு,

அக்கா வீட்டுக்காரன் ராஜமாணிக்கம் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் உன் அக்கா சாராளும் மகள் ஷைனியும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் அவ்வாறே இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம். சுகம் விசாரித்தாகிவிட்டது. இனி நீ கொடுத்தனுப்பிய ஒன்று புள்ளி இரண்டு லென்ஸுக்கு வருகிறேன்.

உன் சிநேகிதன் அதை மூன்று டர்க்கி டவலில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு வந்தான். கூடவே உன் சீட்டு. 'மாமா, ஒலகத்துலயே ஃபாஸ்ட்டான போர்ட்ரெய்ட் லென்ஸுங்கள்ல இது ஒண்ணு. ஷைனி போட்டோவ இதுல எடுங்க, மாப்ள ஊட்டுக்காரங்க அசந்து பூடுவாங்க.' நான் இருபத்தெட்டு வருஷமாக ரோலிங் மில்லில் கம்பியை அளந்து, தேறும், தேறாது என்று சீட்டு ஒட்டுகிறவன். சொல்லை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. கறிக்கடை ஹயாத் பாஷாவிடம் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். ஒரு கிலோ இருபத்தைந்து கிராம். "இன்னாண்ணா, எலும்போடவா, எலும்பு இல்லாமயா?" என்று என்னையே கேட்டார். நம் ஸ்டூடியோ வரதன் வைத்திருக்கும் ஐம்பது எம்எம், ஒன்று புள்ளி எட்டு லென்ஸையும் நிறுத்தேன். நூற்று முப்பது கிராம். பிளாஸ்டிக். அவன் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

ஃபாஸ்ட் என்று எழுதியிருந்தாயே, அந்த வேகத்தையும் பார்த்துவிட்டேன். உள்ளே இருக்கும் கண்ணாடி முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய் நிலைகொள்வதற்குள் ஷைனி மூன்று தடவை சிரித்து ஓய்ந்துவிட்டாள். வேகம் என்றால் அது இல்லையாம், எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகி வெளிச்சம் அதிகமாக உள்ளே வருமாம். வரதன் விளக்கம் சொன்னான். வெளிச்சம் வருவதற்கு வாசல் கதவைத் திறந்து வைத்தால் போதாதா? நான் அவனிடம் சொல்லவில்லை, பிழைத்துப் போகட்டும் என்று விட்டேன்.

என் கோபம் உனக்குப் புரிய வேண்டுமானால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஷைனிக்கு இருபத்தேழு ஆகிறது. இதுவரை வந்த மூன்று இடமும் போட்டோ பார்த்ததோடு சரி, பேச்சுமூச்சு இல்லை. இப்போது வந்திருப்பது அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கும் தானியேல். நல்ல பையன், கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவன். அவனுடைய தாயார் மேரியம்மாள் போட்டோ அனுப்பச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் நான் தாங்க மாட்டேன் பீட்டர். உன் அக்காவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பெண் போட்டோ எப்படி எடுப்பது என்று நீ மஸ்கட் போய் மறந்துவிட்டாய். நம் பக்கத்தில் பெண்ணோடு வீடும் தெரிய வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முகத்தை ஒரு தடவை பார்த்தால், பின்னால் இருப்பதை நாலு தடவை பார்ப்பார்கள். சும்மா வந்தவர்கள் இல்லை நாங்கள், உழைத்து வாங்கியிருக்கிறோம் என்று நாம் சொல்லாமல் போட்டோ சொல்ல வேண்டும். அதனால் ஹாலில் பிரிட்ஜைச் சுவரோரம் நகர்த்தி, டிவியைப் பக்கத்தில் வைத்து, பீரோவைத் திருப்பி, இருபத்தைந்து வருஷ சேவைக்குக் கம்பெனி கொடுத்த ஷீல்டை அதன்மேல் சாய்த்து, குளியலறையில் இருந்த வாஷிங் மெஷினையும் இரண்டு பேராகத் தூக்கிவந்து வைத்தோம். தண்ணீர்க் குழாய் வால் மாதிரி தொங்கியது. "வாஷிங் மெசினு யாராச்சும் ஆல்ல வெப்பாங்களா? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?" என்று உன் அக்கா கத்தினாள். நான் காதில் வாங்கவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நாற்காலி போட்டு ஷைனியை உட்காரவைத்தேன்.

முதலில் உன் லென்ஸ். வரதன் அதைத் தன் கேமராவில் மாட்டி, கையில் தாங்க முடியாமல் முழங்காலில் முட்டுக்கொடுத்து ஒரு படம் எடுத்தான். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். ஷைனியின் இடது கண் தெளிவாக இருந்தது, இமை முடியை எண்ணலாம். வலது கண் புரை விழுந்த மாதிரி இருந்தது. காதைக் காணோம். பிரிட்ஜ் இருந்த இடத்தில் வெள்ளைப் புகை. பீரோ பச்சைப் புகை. ஷீல்டு ஒரு மஞ்சள் பொட்டு. வாஷிங் மெஷின் என்ன ஆயிற்று என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

"பின்னாடி எல்லாம் அப்படியே கரைஞ்சி பூட்ச்சி பாத்தியாண்ணா! இன்னா ஒரு லென்ஸு!" என்று வரதன் குதிக்கிறான்.

"கரைஞ்சது இன்னா தெரியுமாடா? என் இருபத்தெட்டு வருச சம்பாத்தியம்."

"இல்லண்ணா, இந்த மாதிரி கரையறதுக்கு ஜப்பான்காரன் தனியா பேரே வெச்சிகினு இருக்கான்."

"பேர் வெச்சா பிரிட்ஜு தெரியுமா?"

கூர்மையாகத் தெரிகிற ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் இரண்டு என்றான். நீயே யோசித்துப் பார். மனுஷ முகம் என்ன தகடா? ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டுமானால் பெண்ணை இஸ்திரி போட்டுத்தான் உட்காரவைக்க வேண்டும். இதற்கு நீ அரை வருஷச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறாய். கேட்டால் கலை என்பாய். இந்தப் போட்டோவை அனுப்பினால் பெண்ணுக்கு ஒரு கண் பழுது, வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கூட இல்லை என்று ஊரே பேசும்.

அடுத்து வரதனின் பிளாஸ்டிக். அதையும் முழுசாகத் திறந்து வைத்து எடுத்தான். அதிலும் பிரிட்ஜ் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. "துவாரத்தச் சுருக்குடா" என்றேன். சுருக்கினான். இன்னும் என்றேன். பதினாறு வரைக்கும் கொண்டுபோய், "இதுக்கு மேல போனா இன்னாத்துக்குண்ணா போர்ட்ரெய்ட் லென்ஸு? செல்போன்லயே எட்த்துக்கலாமே" என்று பேஜாராகி, ஃபிளாஷ் போட்டு அடித்தான். அதுவல்லவா போட்டோ! பிரிட்ஜின் கைப்பிடி, டிவியின் பட்டன், ஷீல்டில் என் பெயர், மெஷினின் வால் வரைக்கும் ஒன்று விடாமல் விழுந்திருந்தது. ஷைனியும் இருந்தாள், இரண்டு கண்ணோடு.

ஆக, என் தீர்ப்பு இது. ஒன்று புள்ளி எட்டு தேறும். ஒன்று புள்ளி இரண்டு தேறாது. வரதன் இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். தேறியதை ஜாதகம் மாதிரி பயோடேட்டாவோடு கவரில் வைத்து, ஷைனியிடமே தபாலில் சேர்க்கச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. உன் லென்ஸ் அதே டவலில் பீரோவுக்குள் தூங்குகிறது. யாராவது வரும்போது சொல்லியனுப்பு, கொடுத்துவிடுகிறேன். இனிமேல் அக்கா மகள் மேல் பாசம் பொங்கினால் பேரீச்சம்பழம் அனுப்பு. அதற்குப் பின்னால் இருப்பது மறையாது.

வெயிலில் அலையாதே, உடம்பைப் பார்த்துக்கொள். உன் அக்கா தினமும் உனக்காக ஜெபிக்கிறாள். உனக்குப் புத்தி வர நானும் ஜெபிக்கிறேன். ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு உன் நலம் நாடும்,
தா. ராஜமாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மேரியம்மாளும் தானியேலும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்தம்மாள் உட்கார்ந்ததும் நான் அனுப்பிய போட்டோவைப் பையிலிருந்து எடுத்தார். கூடவே ஒரு பட்டியல். போட்டோவில் இடமிருந்து வலம் எது எது இருக்கிறதோ அதே வரிசையில் எழுதியிருந்தது. "உங்க ஊட்ல இவ்ளோ இருக்குதே, பொண்ணுக்கும் இதே மாதிரி புதுசா செஞ்சிடுவீங்க இல்ல? மெசினு மட்டும் கொஞ்சம் பெருசா பாத்துக்கங்க" என்றார். குழிக்குள் விழுந்தது மட்டுமில்லை பீட்டர், ஃபிளாஷ் போட்டு அதைத் தோண்டினவனும் நான்தான்.

அப்போது தானியேல் சட்டைப் பையிலிருந்து இன்னொரு போட்டோவை எடுத்தான். உன் லென்ஸில் எடுத்தது. உன் அக்கா மகள் என்னிடம் சொல்லாமல் அதையும் அதே கவரில் வைத்து அனுப்பியிருக்கிறாள். "யம்மா, நான் பாத்த போட்டோல சாமானே இல்ல. இவுங்கதான் இருந்தாங்க. அது போதும் எனக்கு" என்றான். அந்தம்மாள் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஈஸ்டர் கழித்து இரண்டாம் திங்கட்கிழமை கல்யாணம். லீவு போட்டுவிட்டு வா. லென்ஸை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன், கேட்காதே. முழுசாகத் திறந்து வைத்து அதில்தான் எடுக்க வேண்டும் என்று வரதனிடம் சொல்லியாகிவிட்டது. குரூப் போட்டோவில் பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் நிற்பார்கள். சம்பந்தியம்மாளுக்குப் பின்வரிசையில், நட்டநடுவில், இடம் ஒதுக்கியிருக்கிறேன்.